சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை

அந்த ஆங்கிலத் தேர்வில் ஒரு வரைபடம் கொடுத்திருந்தார்கள். ஏதோ ஒரு நாட்டில் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கோடு, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கோடு. ஒன்று ஏறியது, மற்றது இறங்கியது. படத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும், சொந்தக் கதை கூடாது. அப்போது எண்பதுகளின் தொடக்கம். வெளிநாட்டுக்குத் தாதிப் பயிற்சிக்குப் போக வேண்டுமானால் அந்தத் தேர்வில் தேறியாக வேண்டும். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தேன்.

எழுதுவதில் எனக்குச் சிரமமே இல்லை. மெல்ல உயர்ந்தது, சட்டென்று சரிந்தது, மாற்றமில்லாமல் நின்றது என்று ஆங்கிலத்தில் அடுக்குவதற்கு மாதக்கணக்காகப் பழகியிருந்தேன். மழையோ மீன் விலையோ மோட்டார் சைக்கிள் விற்பனையோ, எதைக் கொடுத்தாலும் ஏற்றி இறக்கிவிடுவேன். வீட்டையும் அப்படியே ஏற்றி இறக்கினேன். பேனாவை மூடிய பிறகுதான் உறைத்தது. இந்த இரண்டு கோட்டிலும் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர்கூட இல்லை.

நாங்கள் இருந்தது தோட்டத்து வீடு. வாடகை கிடையாது, சொந்தமும் கிடையாது. வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை செய்யும்வரை இருக்கலாம். அப்பா பால்மரம் வெட்டினார், ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. வயதாகிவிட்டதென்று அவரை நிறுத்தும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா மூட்டுவலியால் முன்பே நின்றுவிட்டார். அக்கா சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை கிடைத்து அங்கேயே தோழிகளோடு தங்கிவிட்டாள். மிச்சம் நான்.

பெற்றவர் பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்தால் பிள்ளைகளில் ஒருவர் அதை எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படித்தான் வீடுகள் கைவிட்டுப் போகாமல் இருந்தன. வகுப்பில் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட ஒருத்தி அப்படித்தான் பால்வாளி தூக்கப் போனாள். அதை அநியாயம் என்று யாரும் சொல்லவில்லை. பொறுப்பான பெண், வீட்டைக் காப்பாற்றிவிட்டாள் என்று மெச்சினார்கள். அந்த மெச்சலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா என்னிடமும் சொல்லிப் பார்த்தார்.

"படிச்ச வரைக்கும் போதும்லா. நீ பேரு குடுத்தா வீடு நிக்கும். இல்லன்னா இந்த வயசுல சட்டி பானையத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

அம்மா கல்நெஞ்சுக்காரர் அல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கூரையைத் தவிர அவருக்கு வேறு எதுவும் இருந்ததில்லை. அப்பா இந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. தேர்வுக்குக் கிளம்பிய காலை மட்டும், "பஸ்ஸுல ஜன்னல் பக்கமா ஒக்காரு, தல சுத்தாது" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

மதியம் நேரில் பேசும் தேர்வு. எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மையார். காலையில் வந்த படத்தையே காட்டி, உங்கள் வீடு சொந்தமா, வாடகையா என்று கேட்டார். இரண்டும் இல்லை, தோட்டத்து வீடு என்றேன்.

"ஓ, இலவசமா! கொடுத்து வைத்தவர்கள்" என்று சிரித்தார்.

அவ்வளவுதான். பழகி வைத்திருந்த வாக்கியமெல்லாம் பறந்துவிட்டது. "இலவசம் இல்லை. இந்தத் தேர்வில் நான் தேறினால் என் அப்பா அம்மாவுக்கு வீடு போய்விடும்" என்றேன். அது எப்படி என்று கேட்டார். விடியும் முன்பே அன்றைய வேலையைக் கேட்டு வாங்கப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுப்பது, அட்டைக்கடி, கத்தி கைமாறுவது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கோபத்தில் என் நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் தோற்றால் வீட்டில் யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லையே.

தேறிவிட்டேன்.

கொஞ்ச நாளில் அப்பாவின் வேலை முடிந்தது. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வாசலில் வந்து நின்று, "இனி யாரு பேரு போடறது?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

"யாரும் இல்லீங்க. வீட்ட எடுத்துக்குங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சந்தோஷப்பட முடிந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

சிடாம் கிரி பக்கம் ஒரு சீனர் வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. வாடகையை அக்கா ஏற்றுக்கொண்டாள். வீட்டுக்காரர் முன்கட்டில் இருந்தார். நல்ல சுவர், குழாயில் தண்ணீர், மீனும் காய்கறியும் வாங்கக் கூப்பிடு தூரத்தில் பாசார். அம்மாகூட அன்று மாலை சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்து, "பரவால்ல" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்தபோது அப்பா படுத்திருந்த பாய் காலியாக இருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய்ப் பார்த்தேன். வெட்டுக்குப் போகும் பழைய அரைக்கால் சட்டையோடு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வீட்டுக்காரரின் கதவுக்கு எதிரே கை கட்டி நின்றிருந்தார். பெரட்டில் அப்படித்தான் நிற்பார்கள். கதவைத் திறந்த சீனர் திடுக்கிட்டுப் போனார். இன்றைக்கு என்ன வேலை தவுக்கே என்று, முதலாளியிடம் கேட்பதுபோல, அப்பா மலாயில் கேட்டார்.

"கெர்ஜா ஆப்பா? சேவா சூடா பாயார்லா!"

வேலையாவது ஒன்றாவது, வாடகைதான் கொடுத்தாயிற்றே என்று அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. போய்த் தூங்கச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாடகை என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாமலில்லை. கிளம்புமுன் அக்கா விளக்கமாகச் சொல்லியிருந்தாள், அவரும் தலையாட்டியிருந்தார். இப்போது உள்ளே வந்து துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு நம்மகிட்ட ஒரு வேலையும் வேணாமாம்" என்றார் அப்பா.

"நல்லதுதானேங்க."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். அவர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"என்ன நல்லது? நம்மளால ஒரு வேலையும் ஆகாதுன்னா, அப்பறம் எதுக்காக நம்மள இங்க இருக்க விடுவாரு?"