சம்பந்தியம்மாள் நட்ட கிலுகிலுப்பை

பெரிய பேரன் மூர்த்திக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது. நடுவிலவன் குமார் ஓட்டப்போட்டியில் கோப்பை வாங்கினான். பேத்தி செல்வி பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். மூவரும் என் சம்பந்தி முத்தாயி அம்மாளுக்கும் பேரப்பிள்ளைகள்தான். ஆனாலும் சந்தித்தால் இந்தப் பெருமையை நான் ஒருமுறை சொல்வேன், சம்பந்தியம்மாள் ஒருமுறை சொல்வார். அன்றும் அதற்காகத்தான் அவர் வீட்டுக்குப் போக மாத்தளையில் இரத்தோட்டை பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ்ஸிலிருந்து மருமகன் இறங்கினார்.

“அத்தை, அம்மா விடியக்காலையில போயிட்டாங்க.”

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். முத்தாயி அம்மாள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பவர். என் மகள் லெட்சுமி, செல்வியைச் சுமந்தபோது எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. பாஷன் ஃப்ரூட் என்கிற கொடித்தோடைப் பழச்சாறு மட்டும் கேட்டாள். மாமியார் வீட்டுக் கொடியிலோ பூப் பூக்கும், காய்க்காமல் உதிரும். மருமகள் மெலிவதைப் பார்த்து அவருக்குத் தூக்கமில்லை.

வேலையில்லாத ஒரு நாள் அவர் கொடியருகிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய கருவண்டுகள் கொடியைத் தாண்டிப் பறந்து, பாதையோரத்தில் மஞ்சளாகப் பூத்த கிலுகிலுப்பைச் செடிகளுக்கே போயின.

“எங்க வீட்டுப் பூவில அப்படி என்ன கொறை?” என்று என்னிடம் கேட்டார்.

மறுநாளே அந்தச் செடிகளை மண்ணோடு பெயர்த்துக் கொடியடியில் நட்டார். கங்காணி சிரித்தார்.

“மலையில களை புடுங்கச் சொன்னா, வீட்டுல கொண்டாந்து நடுறியே முத்தாயி.”

“மலையிலதான் களைங்க, கங்காணி. எங்க வீட்டுல இதுக்கு வேலை இருக்கு.”

வண்டுகள் வந்தன. கொடிப் பூவிலும் புகுந்து, முதுகில் மாப்பூசியது போலத் திரும்பின. லெட்சுமியின் எட்டாம் மாதத்தில் முதல் பழம் பழுத்தது. “செடியாலயா, மழையாலயா?” என்றேன். “அதத்தாங்க சம்பந்தி நானும் யோசிக்கிறேன்” என்றார்.

செல்விக்கு ஒரு வயதில் ஸ்டூடியோவில் படம் எடுக்கப் போனோம். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. சம்பந்தியம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து காய்ந்த கிலுகிலுப்பைக் காயை எடுத்துக் கொடுத்தார். அதை ஆட்டிக்கொண்டே செல்வி சிரித்த படம்தான் இன்றும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இன்னொரு கேள்வி அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. பிடுங்கிப் போட்டு வாடிய கிலுகிலுப்பையில் வண்ணத்துப்பூச்சிகள் வந்து அப்பும். “பூத்தது பக்கத்திலயே இருக்கு. காஞ்சதுல என்னத்தத் தேடுதுங்க?” என்பார். எனக்கு என்ன தெரியும்? நான் படித்த ஐந்தாம் வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை.

சாவு வீட்டுப் பந்தலுக்காக இளவட்டங்கள் அந்தச் செடிகளைப் பிடுங்கி வேலியோரம் குவித்திருந்தார்கள். மறுநாள் பாடையைத் தூக்கும்போது பார்த்தேன். அந்தக் குவியல் முழுக்க வண்ணத்துப்பூச்சிகள். சம்பந்தியம்மா, உங்கள் கேள்வியை இங்கேயே விட்டுவிட்டுப் போய் வாருங்கள். விதை என்னிடம் இருக்கிறது. கொடியடியில் மறுபடி போடுகிறேன்.

விஞ்ஞானம் படிக்கிற செல்வி, இதை வாசித்துப் பதில் தெரிந்தால் எழுது. இத்துடன் ஒரு காய் அனுப்புகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. உன் அப்பாயி, என் சம்பந்தியம்மாளின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.