எல்லப்பன் எடுக்காத டீசல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரப்பாக்கத்தில் நாலு வேன் வைத்து ஓட்டுகிறேன். வந்த டிரைவர்களில் பாதிப்பேர் என் வாய்க்குப் பயந்தே ஓடிப்போனார்கள். பட்டிபுலத்து எல்லப்பன் மட்டும் ஒன்பது வருஷம் தாக்குப்பிடித்தார். நான் கத்தினால் அவர் பாட்டுக்கு ஈரத்துணியால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். கடலோர ஊர்ப் பெண்களை சிறுசேரி ஆபீசுக்கு ஏற்றிப்போவது அவர் வேலை. யாராவது தாமதித்தாலும் ஹாரன் அடிக்கமாட்டார். "பாவம், ரெண்டு இட்லி துன்னுகினு வரட்டும்" என்பார்.

போன வருஷம், டீசல் அளவு என் போனில் தெரிகிற மாதிரி எல்லா வண்டிக்கும் கருவி மாட்டினேன். டாங்குக்குள் இருக்கும் சென்சார் அளவைச் சொல்லும், போனில் அது கோடாக ஓடும். எல்லப்பன் வண்டியின் கோடு திடீர் திடீரென்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியதையும் பார்த்தேன். எடுத்ததை மறைக்கத் திரும்ப ஊற்றுகிறார் என்று அதற்கும் ஒரு கதை கட்டிக்கொண்டேன். புத்தி கெட்டவன் நான்.

மற்ற டிரைவர்கள் டீ குடிக்கிற இடத்தில் வைத்துக் கேட்டேன். "நான் எடுக்கல மொதலாளி" என்றார், அவ்வளவுதான். சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அது போதாதென்று, டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்டோவைப் போட்டு "டீசல் திருடன்" என்று எழுதினேன். அதற்கப்புறம் இந்தப் பக்கம் யாரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை.

வேறு ஆள் கிடைக்கிறவரை அந்த வேனை நானே ஓட்டினேன். ஒருநாள் கோவளத்தைத் தாண்டும்போது போன் கத்தியது. பன்னிரண்டு லிட்டர் காணோமாம்! ஓட்டுகிறவன் நான், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வேனை நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டேன்.

மெக்கானிக் ரஞ்சித்குமார் அடியில் படுத்து, சென்சாருக்குப் போகும் ஒயரை இணைக்கிற கனெக்டரைக் கழற்றிக் காட்டினான். "உப்புக்காத்து அண்ணாத்த. பின்னு பச்ச பூத்துக் கீது பாரு. வண்டி குலுங்குனா ஒயரு தொடாது, அளவு தப்பா காட்டும். புதுசு வாங்கினு வா."

ராத்திரியில் வண்டியைக் கடலோரத்திலேயே நிறுத்தச் சொன்னது நான்தான். காலியாக ஊரப்பாக்கம் வந்தால் டீசல் வீண் என்ற கணக்கு.

செங்கல்பட்டு ஸ்பேர்ஸ் கடையில் பிரதீபா என்ற பெண் பழைய கனெக்டரை வாங்கிப் பார்த்தாள். பின்களை எண்ணினாள். லாக் எந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்த்து, ஒயரோடு புதுசு ஒன்றை எடுத்து வைத்தாள்.

"கடலோர வண்டியா சார்? இதுக்கு வர்றவங்க மொதல்ல டிரைவர மாத்துவாங்க. அப்பறந்தான் கனெக்டர மாத்துவாங்க" என்று சிரித்தாள். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எனக்கு நன்றாக வேண்டும்.

புதுசு மாட்டியபின் கோடு திடீரென்று விழவே இல்லை. நடந்ததைக் குழுவில் எழுதி மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேரே பட்டிபுலம் போனேன். எல்லப்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"நீ எடுக்கல எல்லப்பா. கனெக்டர் கோளாறு. தப்பு பண்ணது நான்தான்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியுமே மொதலாளி. எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள எம் பொஞ்சாதி அம்சா கீறா. அன்னிக்கு வூட்டுக்கு வந்து சொன்னப்போ, 'நெசமாவே எடுக்கலியா'ன்னு ஒருவாட்டி கேட்டா. அவகிட்ட போய்ச் சொல்லு."

உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை.