நகல் முடிவதற்குள்

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நான் கதை கட்டுகிற ஆளும் இல்லை. நாலு பேர் கூடினால் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அதனால்தான் அண்ணன் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தான். அது தேய்ந்து வெறும் கோட்டான் ஆகிவிட்டது. ஆனால் அந்த ராத்திரி நடந்தது நடந்ததுதான். ஒயரைப் பிடுங்கியபோது உள்ளங்கையில் தோல் உரிந்த இடம் இன்னும் எரிகிறது.

அண்ணனுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் ராத்திரி வேலை. பள்ளியைப் பாதியில் விட்டு வீட்டிலேயே அடைந்து கிடந்த என்னையும் அங்கே சேர்த்துவிட்டான். தூசி துடைப்பேன், டேப் மாற்றுவேன், திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவும் அம்மாவும் போனபின் எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

திரையில் ஓடுவது நகல் வேலை. ஆஸ்பத்திரியின் ஸ்கேன், எக்ஸ்ரே, நோயாளிகளின் விவரம் என்று இங்கே எது பதிவானாலும், ஊரின் மறுகோடியில் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்து மெஷினிலும் அது அப்படியே பதிவாகும். இங்கே தீப்பிடித்துச் சாம்பலானாலும் அங்கே இருப்பது எழுந்து வேலையைத் தொடரும். அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. வாசலில் ஒரு வாட்ச்மேன் மட்டும்.

“நகல் முடியற வரைக்கும் அசலைக் கண்ணுல வெச்சுக் காப்பாத்தணும். முடிஞ்சிட்டா அப்புறம் அசலுக்கு என்ன ஆனாலும் கவலையில்ல” என்பான் அண்ணன்.

அந்த வாரம் அங்கே புது மெஷின் வைத்திருந்தார்கள். மொத்தத்தையும் முதலிலிருந்து நகலெடுக்க வேண்டியிருந்தது. நத்தை வேகம். ஒரு சதவீதம் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்று ராத்திரி அறுபத்து நான்கில் நின்று, திரை சிவப்பானது. அந்தப் பக்கத்தில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது. நகல் கெட்டால் தன் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று புலம்பிக்கொண்டே மாற்று டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் பைக்கில் கிளம்பினான். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றான். அப்போது மணி 11:10.

11:24.

மேஜை மேலிருந்த போன் அடித்தது. அந்தக் கட்டடத்து அறைக்கும் எங்கள் அறைக்கும் மட்டுமான நேரடி போன்.

“வந்துட்டேன்.”

அண்ணன் குரல்தான். ஆனால் தட்டையாக இருந்தது, பாடத்தை ஒப்பிப்பதுபோல. இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டேன். திரையில் எவ்வளவு என்று மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சிவப்பு போய்ப் பச்சை வந்திருந்தது. எழுபத்தொன்று.

சொன்னேன். போன் வைக்கப்பட்டது.

பத்து நிமிஷத்தில் எழுபத்தொன்பது ஆனது. நத்தைக்கு இறக்கை முளைத்ததுபோல. மறுபடி போன். இந்த முறை குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டது. அரைமணி நேரம் முன்னால்தான் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். விளையாடுகிறானாக்கும் என்று நினைத்தேன். உடனே சிரித்தது. அண்ணன் சிரிப்பேதான்.

ஆனால் சிரிக்க வேண்டிய இடம் அது இல்லை.

எண்பத்தெட்டில் மூன்றாவது முறை அடித்தது.

“என்ன கோட்டான்... தூங்கிட்டியா?”

இப்போது குரலில் ஒரு குறையும் இல்லை. அண்ணனேதான். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த அறையில் மெஷின் இரைச்சல் காதைக் கிழிக்கும். கத்தினால்தான் பேச முடியும். இந்தப் போனில் இரைச்சலே இல்லை.

காற்று வீசுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஏதோ வண்டி போனது. திறந்த ரோட்டில் நிற்பதுபோல...

11:47.

என் செல்போன் அடித்தது. திரையில் அண்ணன் நம்பர்.

“பாதி வழியில நிக்கறேன். டயர் பஞ்சர். தள்ளிட்டே வரேன், ஆள் யாரும் கண்ணுல படல.”

ஒரு காதில் செல்போன். மறு காதில் மேஜை போன். நான் இரண்டையும் கீழே வைக்கவில்லை. வைக்கக் கை வரவில்லை.

செல்போனில் ஒரு லாரி ஹாரன் கேட்டது.

ஐந்து விநாடி கழித்து... மேஜை போனில் அதே ஹாரன்.

“கேக்குதா?” என்றான் அண்ணன்.

மூன்று விநாடி.

“கேக்குதா?” என்றது மேஜை போன்.

திரையைப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று. ஏறிக்கொண்டிருந்தது ஸ்கேனும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை என்று அப்போது புரிந்தது.

“அண்ணா, போகாத. திரும்பி வந்துடு” என்றேன்.

“ஏன், என்னாச்சு?” என்றான் அண்ணன்.

ஒரு விநாடி.

“ஏன், என்னாச்சு?”

தொண்ணூற்றைந்து.

இரண்டு காதிலும் ஒரே மூச்சு. ஒரே இருமல். ஒன்றாக.

தொண்ணூற்றாறு.

“எனக்குத் தலை சுத்துது” என்றது மேஜை போன்.

செல்போனில் ஒன்றும் இல்லை.

பிறகு...

“எனக்குத் தலை சுத்துது” என்றான் அண்ணன்.

அது முந்திவிட்டது.

தொண்ணூற்றேழு.

மெஷின் அலமாரிக்குப் பின்னால் ஓடினேன். அந்தக் கட்டடத்துக்குப் போகிற தடித்த கருப்பு ஒயர். இழுத்தேன். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தேன்.

டக்.

திரை சிவப்பானது.

தொங்கிக்கொண்டிருந்த மேஜை போனிலிருந்து மெல்லக் கேட்டது.

“இன்னும் கொஞ்சம்தானே கோட்டான்...”

பிறகு அதில் உயிர் இல்லை.

கீழே கிடந்த செல்போனை எடுத்தேன். அதிலும் சத்தம் இல்லை. அண்ணா, அண்ணா என்று எத்தனை தடவை கூப்பிட்டேனோ தெரியாது. வெகுநேரம் கழித்து ஒரு பெருமூச்சு. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான். கொஞ்ச நேரம் தான் யாரென்றே மறந்துபோச்சு என்றான்.

அவன் அந்தக் கட்டடத்துக்குப் போகவில்லை. விடியும் முன் பைக்கைத் தள்ளிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்தான். தொட்டுப் பார்த்தேன். கை சூடாக இருந்தது. கால் தடுக்கி ஒயர் பிடுங்கிக்கொண்டது என்றேன். மானேஜர் அண்ணனை நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்தார். ஒரு மாதச் சம்பளத்தோடு போனது. வேலை போகவில்லை, ஆள் போகவில்லை, அது போதும் என்று இருந்தேன்.

அடுத்த வாரம் டிஸ்க்கை மாற்ற மானேஜரும் அண்ணனும் பகலில் அங்கே போனார்கள். சாயங்காலம் வந்தவன் முகம் சரியில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

வாசலிலேயே வாட்ச்மேன் மறித்துவிட்டாராம். மானேஜர் அதட்டியும் கேட்டை விட்டு நகரவில்லையாம். மானேஜர் போகலாம், அண்ணன் மட்டும் போகக்கூடாது என்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, இவரைப்போலவே ஒருத்தர் போன வாரத்திலிருந்து உள்ளே வேலை பார்க்கிறார், தினமும் ராத்திரி கதவிடுக்கில் கையை நீட்டித் தன்னிடம் டீ வாங்கிக் குடிக்கிறார் என்று சொன்னாராம். உள்ளே இருப்பவர் முதல் நாளே வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

“என்ன மாதிரியே ஒருத்தன் வெளியிலேர்ந்து வருவான். என் பேரைத்தான் சொல்லுவான். உள்ள விட்டுடாதீங்க.”