விண்கப்பலுக்கு இரண்டாவது வாசல்

இன்னும் மடிக்காத ஓர் அச்சுத் தாள், அதன் நடுவே நான் வரைந்த விண்கப்பலின் படம். அறுபதுகளில் சிவகாசி அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் நாவலும் அங்கேயே அச்சாகிக்கொண்டிருந்ததால் கால் தரையில் பாவாமல் திரிந்த காலம். செவ்வாய்க்குப் போகும் அந்தக் கப்பலில் வெல்வெட் நாற்காலி, நூலகம், காப்பி போட அடுப்பு எல்லாம் வைத்திருந்தேன். அடுப்பை ஒட்டினாற்போல எரிபொருள் அறை, அதில் வேலை பார்க்க ஓர் இளம்பெண்! அப்படியொரு மேதை நான்.

தாள் மடிக்கும் பைண்டிங் அக்கா என்னைவிட இளையவர்தான். எல்லோரும் அக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் வேலையை விட்டு அச்சகத்துக்கு வந்தவர், மடிக்கிற தாளையெல்லாம் படித்துவிடுவார். ஒருநாள் அந்தப் படத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"மருந்து ரூமுக்கு ஒத்த வாசலா சார் வச்சிருக்கீக? பக்கத்துல அடுப்பு வேற. நாங்க கொலுசைக்கூடக் கழட்டிட்டுத்தான் உள்ள போவோம். இரும்புச் சாமான் ஒண்ணு ஆகாது, பொறி பறந்துரும். சரி, அங்கன வேலை பாக்குற புள்ள கடைசில என்ன ஆகுது?"

அறை வெடித்து அவள் உள்ளேயே இறந்துவிடுவாள் என்று பெருமையாகச் சொன்னேன். எழுதும்போது நானே அழுதேன் என்றும் சொன்னேன்.

அக்கா படத்தில் அந்த அறைமேல் விரலை வைத்தார். "ஆலையில என் தங்கச்சி செத்த ரூமுக்கும் ஒத்த வாசல்தான் சார். இந்தப் புள்ளையாவது வெளிய வரட்டுமே" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. படம் அச்சாகிவிட்டதால் கப்பலை மாற்ற வழியில்லை. கடைசி அத்தியாயம் மட்டும்தான் அச்சேறப் பாக்கி. பயணத்தின் நடுவே அந்தப் பெண்ணே பித்தளை உளியால் சுவரைக் குடைந்து இன்னொரு வாசல் வைத்து, அறை வெடிக்கும்போது அதன் வழியே தப்பிவிடுவதாகத் திருத்தி எழுதினேன். காலண்டர் அச்சு வேலை குவிந்து கிடந்த சீசனில், கோத்து முடித்த ஈய எழுத்தைக் கலைக்கச் சொன்னதற்கு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு எத்தனையோ கப்பல்களைக் கதைகளில் பறக்கவிட்டாயிற்று. இன்றும் முதலில் வாசலைத்தான் எண்ணுகிறேன். என் எழுத்தில் உருப்படியானது ஏதாவது இருந்தால் அது அக்கா கொடுத்தது.

கடைசித் தாள் அச்சாகி வந்ததும் அக்கா மடிக்காமல் நின்றபடியே படித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இந்த ஒரு தாளை மட்டும் நான் வச்சுக்கிடவா சார்? எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்."