ரத்மலானையிலிருந்து பலாலிக்கு

என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அவள் யாழ்ப்பாணத்தில், நான் கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணையில். அம்மா இல்லை. அவளுடைய கணவருக்குக் கப்பலில் வேலை. ஒரு கிழமை முன்னதாகவே வந்து நிற்பேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மாத்தளைப் பக்கம் மண் சரிந்தது. வடக்கே போகிற பாதையில் வெள்ளம். ரயிலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் போன் எடுத்தாள்.

“அக்கா, என்னை ஆசுபத்திரி வாட்டிலை மறிச்சிட்டினம். நீ வருவாய்தானே?”

“ஓம், வாறன்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

நான் வாடகைக்கு இருப்பது ஒரு ஹார்ட்வெயர் கடையின் மேல்மாடியில். கடைக்காரரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவேன். படியில் நின்று அழுத என்னைக் கண்டு என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“கொழும்புக்குப் பக்கத்துல ரத்மலானையில இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குச் சின்ன பிளேன் ஒன்டு போகுது தங்கச்சி. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் எடுக்குமாம். சீட் ஈக்கா என்டு கேட்டுப் பாருங்க.”

“ரத்மலானைக்கு எப்பிடிப் போறது நானா?”

“அதுக்கு வேன் ஈக்கி. நான் ஈக்கேன்.”

அடுத்த நாள் பகல் விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது. நானா விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து வேனை எடுத்தார். அன்றைக்குக் கடை திறக்கவில்லை. அவருடைய மனைவி வழிக்கு இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தார். கொழும்புக்குப் போகிற கடுகண்ணாவைப் பாதையும் மூடியிருந்ததால் குருநாகல் பக்கமாகச் சுற்றினோம். பாதையில் தண்ணீர் நின்ற இடங்களிலெல்லாம் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஆழம் பார்த்துவிட்டு வந்து ஓட்டினார்.

ரத்மலானையில் பையை மட்டுமல்ல, ஆளையும் தராசில் நிறுத்தார்கள். பல வருடமாக நான் யாருக்கும் சொல்லாத நிறையை ஒரு பெடியன் சத்தமாக வாசித்தான். நானா நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் ஒரு மினி பஸ் அளவுதான் இருந்தது. விமானியின் பிடரி தெரிந்தது. எழும்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கீழே வயலும் குளமும் பிரித்தறிய முடியாத ஒரே வெள்ளம். இந்தத் தண்ணீருக்கு மேலால் என்னைக் கொண்டுபோகிறார்களே என்று நினைத்ததும் பயம் விட்டுப்போனது. ரத்மலானையிலிருந்து பலாலிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். கண்டியிலிருந்து ரத்மலானைக்கு அதில் பாதிகூட வராது. அந்தப் பாதிக்குத்தான் எங்களுக்கு அரை நாள் போயிருந்தது.

பலாலியில் இறங்கி ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குப் போனேன். தங்கைக்கு நோவு கூடியிருந்தது. பிரசவ அறைக்குப் போகுமுன் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“நீ சும்மா சொல்லுறாய் எண்டெல்லோ நினைச்சன்” என்றாள்.

பொழுதுபடப் பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய மயிர். தாதி என் மடியில் வைத்தபோது கொட்டாவி விட்டது. நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. குருநாகலுக்கு அந்தப் பக்கம், காலையில் நாங்கள் வந்த பாதையும் வெள்ளத்தில் மூடிப்போய், அது திறக்கும்வரை ஒரு தேத்தண்ணிக் கடையில் காத்திருந்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்! உம்மாவும் புள்ளையும் சொகமா ஈக்காங்களா?”

“ஓம் நானா. என்னாலைதானே நீங்கள் அங்கை...”

“அத வுடுங்க தங்கச்சி. புள்ள ஆரப் போல ஈக்கி? அதச் செல்லுங்க.”