நீலம் ஏழு

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு வீட்டில் ஒரு பெரிய உத்தியோகம் கிடைத்தது. கன்னடப் புத்தகத்தை வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அம்மா படித்ததெல்லாம் மேட்டூரில், தமிழில். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். படிப்பு கையெழுத்தோடு சரி. மைசூருக்கு வந்து இரண்டு பேரும் கன்னடம் பேசப் பழகிவிட்டார்கள், எழுத்து மட்டும் பிடிபடவில்லை. சர்க்யூட் போர்டு செய்யும் ஃபாக்டரி ஒன்றில் அம்மா ஆறு வருடமாக ஆபரேட்டர். அவளை டெக்னீஷியனாக உயர்த்த ஒரு வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். அதற்குக் கொடுத்த புத்தகம் கன்னடத்தில் இருந்ததால் வீட்டில் என் மதிப்பு கூடியது.

அதுவரை என் மதிப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, "அம்மா, வந்துட்டேன்" என்று காலி வீட்டிடம் சொல்வேன். பதில் வராது என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் உள்ளே போகப் பயம். அம்மா வரும் ஏழு மணி வரை பேச ஆள் கிடையாது. சில நாள் என் குரலைக் கேட்பதற்காகவே வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

புத்தகம் வந்த பிறகு ஏழு மணிக்கு மேல் நான்தான் ராணி. அம்மா காய் நறுக்குவாள், நான் அவளை ஒட்டி உட்கார்ந்து வாசிப்பேன். வார்த்தைகளைத் தமிழில் சொல்லிவிடுவேன், விஷயம் ஒரு வரியும் புரியாது. குரலை மட்டும் எங்கள் டீச்சரைப்போல மிடுக்காக வைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "பாஸாயிட்டா மூணு மாசம் பெங்களூருல ட்ரெய்னிங்குங்க. பாப்பாவ உங்கக்கா வூட்டுல உட்டுரலாம்." அப்பாவின் அக்கா சாமராஜநகரில் இருந்தாள். அப்பா "செரி" என்றார். என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ரெசிஸ்டர் பாடம். போர்டில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும், நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய அந்தச் சாமானின் உடம்பில் வண்ணக் கோடுகள் இருக்கும்; ஒவ்வொரு வண்ணமும் ஓர் எண். கறுப்பு சைபர், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். புத்தகத்தில் நீலம் ஆறு, கத்திரிப்பூ நிறம் ஏழு என்று இருந்தது.

"நீலம் ஏழு, கத்திரிப்பூ ஆறு" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "இன்னொருக்கா பாத்துச் சொல்லு கண்ணு."

அந்த வரியில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டேன். "ஹௌதும்மா, ஆமா. நீலம் ஏழுதான். புக்குலயே போட்டிருக்கு."

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "செரி" என்று சொல்லி, நோட்டில் தமிழில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அம்மா பாஸாகிவிட்டாள். எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. தேர்வு வைத்தவருக்கும் வண்ணம் தெரியாதுபோல என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். என்னைச் சாமராஜநகரில் விட்டுவிட்டு அவள் போனாள். அத்தை வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான், எனக்குத்தான் அங்கே யாரும் இல்லை. ஞாயிறுதோறும் அம்மாவின் போன் வரும். பேசக் கூப்பிடுவார்கள் என்று நான் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

இப்போது நானும் டெக்னீஷியன். டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்த முதல் மாதத்தில், லைனில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், நீலம் ஆறு, சாம்பல் எட்டு என்று கோடு போட்ட அறுபத்தெட்டு ரெசிஸ்டரை அதன் டப்பாவிலிருந்து எடுத்துப் போர்டில் சொருகினார்கள். அம்மா ஆறு வருடம் செய்த வேலை அது. நீலம் ஆறு என்று அவளுக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதே இல்லை.

அப்படியென்றால், நான் பொய் சொல்வது தெரிந்தே இன்னொருக்கா சொல் என்று அன்றைக்கு அவள் எதைக் கேட்டாள்? தான் போகலாமா என்று என்னைத்தான் கேட்டிருக்கிறாள். பத்து வயதில் எனக்கு அது கேள்வி என்றே தெரியவில்லை. ஆனால் நீலம் ஏழு என்று சொல்லி, போகாதே என்று இரண்டு தடவை பதில் சொல்லியிருக்கிறேன். அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. கேட்டும் போனாள்.