நல்லெண்ணெய் குடித்த கார்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும், அப்பாவின் மடியில் ஒரு பொம்மைக் கார் இருக்கும் படத்தைப் பார்த்து உறவினர்கள் சிலருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்தபோதே, கோட்டுப் போட்ட படம் கிடைக்கவில்லையா என்று பெரியத்தை கேட்டேவிட்டார். கிடைத்தது அத்தை. ஆனால் அதில் இருப்பவர் எங்கள் அப்பா மாதிரியே இல்லை.

அப்பா பிறந்தது தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய், தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். எழுபதுகளில் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். விடியுமுன் கம்பெனி பஸ், இருட்டிய பிறகுதான் வீடு. யாரையும் கடிந்து பேசாதவர் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். எங்கள் அப்பா நன்றாகவே கடிந்து பேசுவார், முக்கியமாக அவருடைய காரை யாராவது தொட்டால்.

ரிமோட்டில் ஓடும் அந்தச் சிவப்புக் காரை எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கினார். ஞாயிறு காலை, கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஓட்டுவார். பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். மிச்சப் பகல் முழுக்கப் பராமரிப்பு. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, சக்கரங்களைக் கழற்றி, டூத் பிரஷால் பல்சக்கர இடுக்கில் இருக்கும் மணலைத் தட்டுவார். அச்சில் சுற்றிய முடியைப் பல்குச்சியால் இழுப்பார். கடைசியில் டியூபிலிருந்து ஒரு துளி கிரீஸ். எண்ணெய் மட்டும் ஆகாது, மணல் ஒட்டிக்கொண்டு பல்லைத் தின்றுவிடும் என்பார். சோற்றுப் பானையோடு அம்மா பக்கத்தில் நின்று, எங்கே வைப்பது என்று முணுமுணுத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே சிராங்கூன் சாலைப் பூக்கடைகளின் மல்லிகை வாசம் ஜன்னல் வழியே ஏறிவரும். அப்பா எந்த உலகத்தில் இருக்கிறார் என்றே தெரியாது. அந்த ஞாயிறுகள் எல்லாம் எனக்கு இப்போது ஒரே நீண்ட பகலாகத் தெரிகின்றன.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. பேச்சு திரும்பும், ஆனால் அவராக வாயைத் திறந்து முயலவேண்டும் என்றார் டாக்டர். அப்பா முயலவில்லை. பட்டறை நண்பர்கள் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அம்மா ஊட்டினால் விழுங்குவார், அவ்வளவுதான். மாதங்கள் போயின. இவர் இனி நம்மிடம் திரும்பமாட்டாரோ என்று நான் பயந்தேன். அம்மா வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மேசையில் பேப்பரை விரித்தார். அப்பாவின் சக்கர நாற்காலியை எதிரே தள்ளி வைத்துவிட்டு, தூசி படிந்து கிடந்த காரைத் திறந்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷால் தட்டினார், முடியை இழுத்தார். எல்லாம் சரியாகவே செய்தார். அப்புறம் உள்ளே வந்து நல்லெண்ணெய் போத்தலை எடுத்துப் போய், பல்சக்கரத்தின் மேல் தாராளமாக ஊற்றினார்.

அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது. இடது கை மேசையைத் தட்டியது.

“இட்... இட்லிக்கா ஊத்துற?”

அம்மா போத்தலை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார். நானும் அழுதேன். அப்பா மட்டும் கோபமாகவே இருந்தார். அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க ஒரு வாரம் ஆனது. பஞ்சு, திருகு, மெதுவா என்று அவர் போட்ட அதட்டலில்தான் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது.

அதன் பிறகு மாலைகளில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் அம்மா காரை ஓட்டுவார், அப்பா நாற்காலியிலிருந்து திட்டுவார். சாயும் வெயிலில் தூண்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு சத்தமில்லாமல் வளைந்து வளைந்து போகும். வேலைவிட்டு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படியே சில ஆண்டுகள் கிடைத்தன. மழை பெய்த ஒரு மத்தியானம், தூக்கத்திலேயே அப்பா போய்விட்டார்.

ஓடி வந்து உதவிய சொந்தங்களுக்கும் பட்டறை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது. நாள் தவறாமல் அப்பாவை நாற்காலியோடு படியில் தூக்கி வந்த அடுத்த வீட்டுச் சீன அங்கிளுக்கும் அவர் மகன்களுக்கும் என்ன சொன்னாலும் போதாது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கிரீஸ் டியூப் கைக்குப் பக்கத்திலேயே இருந்ததே, நிஜமாகவே தெரியாமல்தான் ஊற்றினீர்களா என்று கேட்டேன்.

“தெரியாம ஊத்துனேன்னே எழுது. உங்கப்பா அப்படி நெனச்சிக்கிட்டுத்தான் போனாரு.”